கறை ஒரு மூலையில், ஓட்டை வேறிடத்தில்: ஒரு டிரெய்லர் கூரையின் கதை

பூட்டைத் திறந்ததும் முகத்தில் அடித்தது வாடைதான். ஈரச் சாக்கை நாலு நாள் மூலையில் போட்டுவிட்டுத் தூக்கினால் வருமே, அதே வாடை. 2022 ஏப்ரல் கடைசி வாரம். மிச்சிகன் குளிர்காலம் முழுக்க வெட்டவெளியில் நின்ற டிரெய்லரை, பயணம் போகும்போது உள்ளேயே தங்கிக்கொள்கிற வீட்டுவண்டியை, அந்த வருடத்தில் முதல் தடவையாகத் திறக்கிறோம். முன்பக்கப் படுக்கையறையில், வலது மூலை அலமாரிக்கு மேலே, டீ டம்ளர் வைத்தெடுத்த தடம்போல ஒரு பழுப்பு வளையம். அதைச் சுற்றி வெளிறிய இன்னொரு வளையம். ஒரே நாளில் வந்த தண்ணீர் இல்லை, நனைந்து காய்ந்து மறுபடி நனைந்திருக்கிறது என்பதை வளையங்களே சொல்லின. சுவரை விரலால் அழுத்தினேன். விரல் உள்ளே போனது.

வண்டி இரண்டு குடும்பத்துக்குப் பொது. 2011 மாடல், 25 அடி நீளம், டிரக்கின் பின்கொக்கியில் மாட்டி இழுக்கிற வகை. 2019இல் பழையதாக வாங்கினோம். பாதிப் பணம் நாங்கள், மீதி அண்ணாச்சி. அண்ணாச்சிக்குத் திருநெல்வேலிப் பக்கம். அமெரிக்காவுக்கு வந்து இருபத்தைந்து வருடம் ஆகியும் எந்தக் கூரையைப் பார்த்தாலும் அவருக்கு அது தட்டட்டிதான், அதாவது மொட்டைமாடி. கறையைப் படமெடுத்து அனுப்பினேன். ஒரே வரியில் பதில் வந்தது: "தம்பி, கறைக்கு நேர் மேல தேடாத."

நான் நேர் மேலேதான் தேடினேன்.

கூரையில் என்ன இருக்கிறது

இந்த வண்டிகளின் கூரை கனமான சமாச்சாரம் இல்லை. குறுக்கே மரச்சட்டங்கள், அவற்றின் மேல் மெல்லிய மரச்சீவல் பலகை, பலகையின் மேல் பசை தடவி ஒட்டிய ரப்பர் விரிப்பு. விரிப்பின் தடிமன் ஒரு மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். ஆனால் முன்னிருந்து பின்வரை ஒரே துண்டு, நடுவில் ஒட்டு எதுவும் கிடையாது. அதுதான் அதன் பலம். ஒட்டே இல்லாத அந்த விரிப்பில் தொழிற்சாலையிலேயே வரிசையாகத் துளை போட்டுவிடுகிறார்கள். எங்கள் வண்டியில் காற்றுப்போக்கிகள் இரண்டு, ஏசி ஒன்று, வெளிச்சத்துக்கான குளியலறைக் கண்ணாடிக் கூடு ஒன்று, ஃபிரிட்ஜ் புகைபோக்கி ஒன்று, கழிவுநீர்க் குழாய்களின் மூச்சுக்குழாய் இரண்டு, ஆன்டெனா ஒன்று, ஆக எட்டு. போதாததற்கு விரிப்பின் நான்கு ஓரங்களிலும் வரிசையாக ஸ்க்ரூ.

அதனால் ரப்பர் கூரையைப் பராமரிப்பது என்று பேசுகிறபோது நாம் உண்மையில் ரப்பரைப் பற்றிப் பேசவில்லை என்பது என் கட்சி. துளைகளையும் ஓரங்களையும் அவற்றின் மேல் தண்ணீர் புகாமல் பூசிய சீலன்டையும் பற்றித்தான் பேசுகிறோம். இது அப்போது எனக்குத் தெரிந்திருந்தால் இரண்டு சனிக்கிழமைகள் மிச்சமாகியிருக்கும்.

முதல் சனிக்கிழமை ஏசியைச் சந்தேகப்பட்டேன். கூரையில் இருக்கும் பெரிய ஓட்டைகளில் அது ஒன்று, 14 அங்குலச் சதுரம். ஏசிக்கும் ரப்பருக்கும் நடுவில் ஒரு கெட்டியான ஸ்பாஞ்ச் வளையம் மட்டும் இருக்கும். சீலன்ட் பூசக் கூடாது. உள்ளே இருந்து நான்கு நீண்ட போல்ட்டுகள் ஏசியைக் கீழே இழுத்துப் பிடிக்கும். வருடக்கணக்கில் ஸ்பாஞ்ச் சப்பிப்போய் போல்ட் தளர்வதுண்டு என்பதால் உள்மூடியைக் கழற்றி, நாலையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினேன். பாதியளவு அமுங்கினால் போதும். அதற்கு மேல் முடுக்கினால் ஸ்பாஞ்சும் போகும், கூரையும் வளையும். முடுக்கிவிட்டுப் பெருமையாக இறங்கினேன். அடுத்த வார மழையில் வளையம் பெரிதானது.

இரண்டாவது சனிக்கிழமை வண்டி பழுதுபார்க்கும் கடை ஒன்றுக்கு இழுத்துக்கொண்டு போனோம். அங்கிருந்தவர் ஏணியில் ஏறி, கூரையை உள்ளங்கையால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு இறங்கி வந்து கையைக் காட்டினார். சுண்ணாம்பு அடித்தவர் கைபோல வெள்ளை. ரப்பர் செத்துவிட்டது, முழுக் கூரையையும் மாற்ற வேண்டும், எட்டாயிரம் டாலர் ஆகும் என்றார். வண்டியை அன்றைக்கு விற்றிருந்தாலே அவ்வளவுதான் கிடைத்திருக்கும்.

வெள்ளை மாவு

கடைக்காரர் காட்டிய அந்த வெள்ளை, நோயின் அடையாளம் இல்லை. பலரை ஏமாற்றுவது இந்த இடம்தான் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

எங்கள் கூரையில் இருப்பது ஈபிடிஎம் ரப்பர். எத்திலீன், புரொப்பிலீன் இரண்டையும் கோத்து, கூடவே சிறிதளவு டையீன் சேர்த்துச் செய்வது. 1960களில் சந்தைக்கு வந்தது. பழைய சைக்கிள் டயரின் பக்கவாட்டில் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு விழுமே, அது காற்றிலிருக்கும் ஓசோனின் வேலை. இயற்கை ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலியில் முதுகெலும்பிலேயே இரட்டைப் பிணைப்புகள் இருக்கின்றன. ஓசோன் அவற்றைத் தேடிப்பிடித்து வெட்டும். ஈபிடிஎம்மில் இரட்டைப் பிணைப்புகள் முதுகெலும்பில் இல்லை, பக்கக் கிளையில் தொங்குகின்றன. கிளை வெட்டுப்பட்டாலும் முதுகெலும்பு நிற்கும். காரின் கதவைச் சுற்றிய ரப்பர் பட்டையும், தொழிற்சாலைகளின் தட்டைக் கூரை விரிப்பும் இதே ரப்பர்தான்.

டிரெய்லருக்கு வருகிற விரிப்பில் மேல்பக்கம் வெள்ளை, அடிப்பக்கம் கறுப்பு. வெயிலைத் தாங்க ரப்பருக்குக் கரித்தூள்தான் நல்ல கவசம். ஆனால் கறுப்புக் கூரை கோடையில் வண்டியை இட்லிப் பானை ஆக்கிவிடும். அதனால் மேல் பக்கத்தில் டைட்டானியம் டையாக்சைடு கலந்த வெள்ளை. வெயிலும் மழையும் பட்டு அந்த மேற்பரப்பு வருடா வருடம் மெல்ல மாவாக உதிர்கிறது. பழைய மாவு உதிர உதிரக் கீழே புதுப் பரப்பு தெரியும். மழைக்குப் பிறகு பக்கச் சுவரில் வழியும் வெள்ளைக் கோடுகளும் இந்த மாவுதான். பார்க்க வேண்டியது கையில் மாவு ஒட்டுகிறதா என்பதை இல்லை, கழுவிய பிறகு எங்காவது கறுப்பு எட்டிப் பார்க்கிறதா என்பதை. கறுப்பு தெரியத் தொடங்கினால் மேற்பூச்சு கொடுக்கும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். எங்கள் கூரையில் ஏசிக்குப் பின்னால், மரக்கிளை உரசிய ஒரு உள்ளங்கை அகல இடம் தவிர வேறெங்கும் கறுப்பில்லை.

கூரை ஈபிடிஎம்தானா, டிபிஓ என்கிற பிளாஸ்டிக் வகையா என்று தெரியாவிட்டால் ஏற வேண்டிய அவசியமே இல்லை. உள்ளே காற்றுப்போக்கியின் அலங்காரச் சட்டத்தை நாலு ஸ்க்ரூ கழற்றி இறக்கினால் விரிப்பின் வெட்டு ஓரம் துளைக்குள் மடிந்து கிடக்கும். அடிப்பக்கம் கறுப்பாக, தொட்டால் சைக்கிள் டியூப் மாதிரி இருந்தால் ஈபிடிஎம். இது தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி, ஏனென்றால் பசை, டேப், மேற்பூச்சு எல்லாமே வகைக்கு வகை மாறும்.

ஈபிடிஎம்முக்குத் தண்ணீரால் ஆபத்தில்லை, வெயிலாலும் அவ்வளவாக இல்லை. எண்ணெய்தான் எதிரி. பெட்ரோல், மண்ணெண்ணெய், டர்பன்டைன், ஆரஞ்சுத் தோல் எண்ணெய் கலந்த கறைநீக்கி, இவற்றில் எது பட்டாலும் ரப்பர் உறிஞ்சி உப்பிக்கொள்ளும். ஒட்டிய பசையும் விட்டுவிடும். பாத்திரம் கழுவும் சோப்பும் மென்மையான பிரஷும் போதும்.

தேடல்

மூன்றாவது வாரம் அண்ணாச்சி நேரில் வந்தார். கையில் இரண்டு ஊசிகள் உள்ள ஈரமானி. மரத்தில் குத்தினால் ஈரத்தைச் சதவீதத்தில் காட்டும். அவர் கறையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பின்பக்கச் சுவரிலிருந்து தொடங்கி அரையடிக்கு ஒரு குத்து, பென்சிலால் ஒரு எண். ஒன்பது, ஒன்பது, பத்து என்று வந்தது. ஏசியைச் சுற்றிப் பத்து. "ஏசி யோக்கியன்" என்றார். படுக்கையறை நடுவில் பன்னிரண்டு. முன்சுவரை நெருங்கியதும் 24. வலது மூலையில் 31. மரத்தில் ஈரம் இருபதைத் தாண்டினாலே கவலைப்பட வேண்டும், முப்பதை நெருங்கினால் பூஞ்சை உள்ளே குடித்தனம் நடத்தத் தொடங்கிவிடும்.

எண்களைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. அந்தக் கருவியின் விலை அப்போது முப்பது டாலர்.

முன்சுவரில்தான் என்று தெரிந்தாலும் எந்த இடம் என்று தெரியவில்லை. வண்டியை மட்டம் பார்த்து நிறுத்தி, தோட்டத்துக் குழாயால் தண்ணீர் விட்டோம். கீழிருந்து மேலே போக வேண்டும். மேலே முதலில் விட்டால் வழிகிற தண்ணீர் எல்லா இடத்தையும் நனைத்துவிடும், எது ஓட்டை என்று பிரிக்க முடியாது. ஜன்னலுக்குக் கால் மணி, நெற்றியிலிருக்கும் ஆரஞ்சு விளக்குகளுக்குக் கால் மணி, கூரையின் முன் ஓரத்துக்குக் கால் மணி. உள்ளே டார்ச் அடித்தபடி நான். ஒரு சொட்டு இல்லை.

அண்ணாச்சி குழாயை மூடிவிட்டுக் கேட்டார்: "குளிர்காலம் பூரா வண்டி இப்படி மட்டமாவா நின்னுச்சு?"

இல்லை. கொக்கிப் பக்கத்தைத் தாழ்த்தி நிறுத்தியிருந்தேன். தண்ணீர் முன்னால் வழிந்து ஓடிவிடும் என்ற நினைப்பு.

முன்பக்க ஜாக்கைச் சுற்றி மூக்கை அதே அளவு இறக்கினோம். ஏணியில் ஏறிப் பார்த்தபோதுதான் புரிந்தது. ரப்பர் விரிப்பு முன்னால் முடிகிற இடத்தில் ஒரு அலுமினியப் பட்டையை வைத்து வரிசையாக ஸ்க்ரூ அடித்து, மேலே விரல் தடிமனுக்குச் சீலன்ட் பூசியிருக்கிறார்கள். அந்தச் சீலன்ட் இடமிருந்து வலம்வரை வயல் வரப்புமாதிரி கிடக்கிறது. மூக்கு தாழ்ந்ததும் தண்ணீர் ஓடவில்லை, வரப்புக்குப் பின்னால் தேங்கி நின்றது. பனிக்காலத்தில் பகலில் உருகித் தேங்குவது இரவில் உறையும். உறைகிற நீர் ஏறத்தாழ ஒன்பது சதவீதம் பெருக்கும். மயிரிழை வெடிப்பு இருந்தால் ஒவ்வொரு இரவும் அதை இன்னும் கொஞ்சம் நெம்பும். நாலு மாதம் இது நடந்திருக்கிறது.

முக்கால் மணி கழித்து உள்ளே, அலமாரியின் பின்பக்கம், ஒரு சொட்டு வந்தது. அந்தச் சொட்டைப் பார்த்து இரண்டு பேர் கைதட்டியதை எங்கள் வீட்டம்மாக்கள் இன்றுவரை கிண்டல் செய்கிறார்கள்.

ஓட்டையின் சரியான இடத்தைக் கண்டுபிடிக்கச் சோப்பு நுரைதான் வழி. கேஸ் சிலிண்டரை மூடி, ஜன்னல்களைச் சாத்தி, அடுப்புக்கு மேலிருக்கும் புகைபோக்கி வாயில் டேப் ஒட்டினோம். காற்றுப்போக்கித் துளைக்கு அட்டை வெட்டி அடைத்து, அதன் வழியாக இலை ஊதும் மிஷினை மெதுவான வேகத்தில் ஓடவிட்டோம். வண்டிக்குள் காற்றழுத்தம் சற்றே கூடும். வெளியே சோப்புத் தண்ணீர் தெளித்தால் ஓட்டை உள்ள இடம் நுரைக்கும். பட்டையின் வலப்பக்கம், நடுவிலிருந்து மூன்றாவது ஸ்க்ரூவின் தலையருகே ஒரு குமிழ் கிளம்பியது. பெரிதானது, உடைந்தது, அதே இடத்தில் இன்னொன்று வந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தேன். சீலன்டில் நகக்கீறல் அளவுக்கு ஒரு வெடிப்பு. அங்கிருந்து கறைக்கு மூன்று அடிக்கு மேல்.

தண்ணீர் ஸ்க்ரூ ஓட்டை வழியே இறங்கி, பலகையின் வெட்டு ஓரத்தைப் பிடித்துக்கொண்டு மூலைவரை நடந்து, அங்கே முட்டி, சுவருக்குள் இறங்கியிருக்கிறது. மட்டமாக நிறுத்திச் சோதித்தபோது தேங்கவே இல்லை, அதனால் கசியவும் இல்லை.

நான் பூசிய சிலிக்கோன்

இதை எழுதாமல் விடலாம்தான். முந்தைய அக்டோபரில் நான் கூரைமேல் ஏறியிருந்தேன். முன்பக்கக் காற்றுப்போக்கியைச் சுற்றியிருந்த சீலன்டில் வெடிப்புகளைப் பார்த்துவிட்டு, வீட்டில் குளியலறைக்கு வாங்கிய சிலிக்கோன் மிச்சத்தை அதன்மேல் தாராளமாகப் பூசினேன். பூசும்போது என் முழங்கால் ஊன்றியிருந்தது எங்கே என்று அன்றைக்கு எடுத்த படத்தில் பார்த்தால் தெரிகிறது, அந்த மூன்றாவது ஸ்க்ரூவிலிருந்து ஒரு சாண் தள்ளி.

அண்ணாச்சி சிலிக்கோனின் ஒரு ஓரத்தை நகத்தால் கிளப்பி இழுத்தார். முழு வளையமும் பாலாடைபோல உரிந்து கையோடு வந்தது. "இதென்ன தம்பி, மீன்தொட்டிக்குப் பூசுறதா?"

ஈபிடிஎம் மேல் சிலிக்கோன் சரியாகப் பிடிக்காது. அதைவிடத் தொல்லை, உரித்தபிறகும் கண்ணுக்குத் தெரியாத வழவழப்பு ஒன்றை விட்டுவிட்டுப் போகும். அதன்மேல் சரியான சீலன்டும் பிடிக்காது. சரியானது என்பது கூரைக்கென்றே வரும் லாப் சீலன்ட், டைகோர் கம்பெனியுடையது மாதிரி. அதிலும் இரண்டு ரகம். தட்டையான பரப்புக்குத் தானாகப் பரவி மட்டமாகும் ரகம். ஸ்க்ரூ தலைகளைச் சுற்றி ஊற்றினால் தோசை மாவுபோலப் படர்ந்து மூடும். சரிவான ஓரத்தில் இதைப் போட்டால் வழிந்து முன்ஜன்னலுக்கு வந்துவிடும், அங்கே வழியாத கெட்டி ரகம் வேண்டும்.

கழற்றி மாட்டியது

ஜூன் மாதம், நல்ல வெயில் நாள். சூடேறினால் பழைய சீலன்ட் இளகும். இளகாத இடத்தில் மட்டும் ஹீட் கன்னைக் குறைந்த சூட்டில் காட்டி, பிளாஸ்டிக் கரண்டியால் சுரண்டினோம். கத்தியோ இரும்புத் தகடோ வேண்டாம். ஒரு மில்லிமீட்டர் ரப்பரைக் கிழிக்க ஒரு வழுக்கல் போதும். கூரைமேல் ஒட்டுப்பலகைத் துண்டுகளைப் போட்டு அதன்மேல்தான் மண்டியிட்டோம், எடை சட்டங்களுக்குப் பரவட்டும் என்று.

பட்டையைக் கழற்றினோம். மூன்றாவது ஸ்க்ரூ திருகாமலேயே விரலோடு வந்தது. பாதிவரை துரு, அதற்குக் கீழே ஈரத்தில் ஊறிய மரத்தூள். ரப்பரைப் பின்னால் மடித்தபோது நனைந்த இடங்களில் பசை தானாகவே விட்டிருந்தது. பலகையில் ஒன்றரை அடிக்கு ஒரு அடி ரொட்டித்துண்டு பாலில் ஊறியதுபோல் உதிர்ந்தது. மற்றதெல்லாம் கறுத்திருந்தாலும் கெட்டி. உதிர்ந்ததைச் சட்டத்தின் நடுவரை வெட்டியெடுத்துவிட்டு, உள்ளே மின்விசிறியும் ஈரமுறிஞ்சும் மிஷினும் ஓடவிட்டுக் காத்திருந்தோம். மேலே தார்ப்பாய். ஒன்பது நாள். அவசரப்பட்டு மூடினால் ஈரத்தை உள்ளே வைத்துத் தைத்ததுபோல ஆகும். ஈரமானி பதினொன்று காட்டிய அன்று பூஞ்சையைத் தடுக்கும் போரேட் கரைசல் அடித்து, காயவிட்டு, அதே தடிமனில் புதுப்பலகை வைத்தோம்.

சாமான் வாங்க எல்க்கார்ட்வரை போனேன். இந்தியானாவின் வடக்கு மூலை. அமெரிக்காவில் ஓடும் இந்த வகை வண்டிகளில் பெரும்பாலானவை அந்த ஊரையும் சுற்றுவட்டாரத்தையும் சேர்ந்த தொழிற்சாலைகளில் பிறந்தவை, எங்களுடையதும்தான். தொழிற்சாலை மிச்சச் சரக்கை விற்கும் கடைகள் அங்கே உண்டு. தேவையில்லாத மூன்று பொருளும் தேவையான ஒன்றும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

மாட்டுவது சுலபம். ரப்பரை மறுபடி ஒட்டி, பட்டைக்கு அடியில் நசுக்கினால் ஒட்டிப் பிடிக்கும் புது ப்யூட்டைல் டேப் வைத்து, துருப்பிடிக்காத ஸ்க்ரூவைப் பழையதைவிட ஒரு நூல் தடிமனாகப் போட்டோம். தண்ணீரை உண்மையில் நிறுத்துவது பட்டைக்கு அடியில் நசுங்கிக் கிடக்கும் இந்த ப்யூட்டைல்தான். மேலே பூசும் சீலன்ட் அதற்குக் குடை. குடை கிழிந்தால் உடனே மாற்ற வேண்டும், ஆனால் குடையை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தால் அடியில் ஸ்க்ரூ துருப்பிடிப்பது தெரியாது. புதுச் சீலன்டை வரப்பாகக் கட்டாமல் மெல்லியதாகப் பூசி, இரண்டு ஓரத்திலும் தண்ணீர் வடிய வாய் விட்டோம். மொத்தச் செலவு இருநூறு டாலருக்குள்.

சிலிக்கோன் பூசிய காற்றுப்போக்கிதான் கடைசிவரை மல்லுக்கட்டியது. எவ்வளவு சுரண்டியும் இரண்டு இடத்தில் சீலன்ட் ஒட்டாமல் ஓரம் தூக்கியது. கடைசியில் அந்த வளையத்தையே மறைக்கும் அகலத்தில், சிலிக்கோன் படாத சுத்தமான ரப்பர்வரை போகும்படி எட்டர்னாபாண்ட் டேப்பை ஒட்டி உருளையால் அழுத்தினோம். ஒருமுறை ஒட்டினால் எடுக்க முடியாத டேப் அது. வளைந்து ஒட்டிவிட்டது, அப்படியே இருக்கிறது.

அதற்குப் பிறகு

இப்போது வருடத்துக்கு மூன்று தடவை கூரை கழுவுகிறோம். முதலில் பக்கச் சுவர்களை நனைத்துவிட வேண்டும், இல்லையென்றால் வழிகிற மாவு காய்ந்து கோடாகப் பிடித்துக்கொள்ளும். மூன்றடிக்கு மூன்றடியாகத் தேய்த்து, அந்தத் துண்டை அலசிவிட்டுத்தான் அடுத்தது. சோப்பு பட்ட ஈபிடிஎம் பாசி பிடித்த குளத்துப்படி, நின்றுகொண்டு வேலை செய்வதற்கில்லை. காய்ந்ததும் எட்டுத் துளைகளையும் ஓரங்களையும் சுற்றி வந்து, சீலன்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பது அண்ணாச்சியின் வேலை. அமுங்கி எழும்பினால் சரி. கல்லாக இருந்தால் அந்தத் துளைக்குச் சாக்பீஸால் ஒரு குறி.

நிறுத்தும்போது மூக்கைக் கொஞ்சம் தூக்கி, இடது சக்கரத்துக்கு அடியில் ஒரு பலகை வைக்கிறோம். தண்ணீர் வலப்பக்க வடிகால் பட்டையில் இறங்கி வடிகிறது. கடுங்குளிருக்கு முன்பும், ஏப்ரலில் திறக்கும்போதும், பென்சில் எண்கள் இருந்த அதே புள்ளிகளில் ஈரமானியைக் குத்துகிறோம். 2023 ஏப்ரலில் வலது மூலை பன்னிரண்டு. அடுத்த வருடம் பதினொன்று.

போன தடவை குளியலறைக் கண்ணாடிக் கூட்டின் பின்பக்கம் கட்டைவிரல் அமுங்கவில்லை. சாக்பீஸ் குறி போட்டிருக்கிறது. அங்கே பூச வேண்டிய ட்யூபை அண்ணாச்சி தன் வீட்டிலேயே வைத்திருக்கிறார். என் கையில் தரமாட்டாராம்.